ஸ்குருவைக் கடைசியாகத் தொடுங்கள்

"அண்ணே, எண்ணெ முறுக்குனா நல்லா ஓடுது. கைய விட்டா செத்துப் போவுது."

புக்கிட் ரோத்தானுக்கும் ஈஜோக்குக்கும் இடையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிற எவருக்கும் இந்த வாசகம் மனப்பாடம். ஆளைப் பொறுத்து வார்த்தைதான் கொஞ்சம் மாறும். செம்பனை வெட்டுகிறவர், "நெரைக்குள்ள மெதுவா போனா அமந்துடுது" என்பார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற தங்கச்சி, "அசாம் ஜாவா சிக்னல்ல நின்னா போதும்ணே, பின்னால லோரிக்காரன் ஹார்ன் அடிப்பான், எனக்குக் கை நடுங்கும்" என்று சொல்லும். கோளாறு ஒன்றுதான்: கையை விட்டால் இஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதில்லை; எங்கள் பேச்சில், ஸ்லோ நிற்கவில்லை.

இப்படி வருகிற கப்சாய் மோட்டார்களில் நான் முதலில் பார்ப்பது கார்ப்பரேட்டர் பக்கத்தில் இருக்கிற ஸ்குருவின் தலையை. பெரும்பாலும் அது தேய்ந்திருக்கும். வீட்டுக்காரர் திருகியிருப்பார், பக்கத்து வீட்டுத் தம்பி திருகியிருப்பான், பெட்ரோல் விற்கிற எண்ணெய்க் கடையில் காற்றடிக்க நின்ற யாரோ ஒருவரும் திருகியிருப்பார். திருகினால் இஞ்சின் சத்தம் ஏறும், அன்றைக்கு வண்டி சாகாது. இரண்டு வாரத்தில் பழைய கதை திரும்பும், இன்னொரு சுற்றுத் திருகுவார்கள். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

என் தொழிலில் நான் சொல்ல விரும்புகிற ஒரே விஷயம் இதுதான்: அந்த ஸ்குரு மருந்து அல்ல. மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு, கடைசியில் தொட வேண்டிய ஒன்று.

மெதுவாகப் போவதற்கென்றே பிறந்த வண்டி

ஸ்குரு விஷயம் புரிய, இந்த வண்டி யாருக்காக ஓடுகிறது என்று தெரிய வேண்டும். எங்கள் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917-இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்ட இடம் அது. அப்போது சுற்றுவட்டாரம் முழுக்க ரப்பர்தான். என் அம்மா காலத்திலும் ரப்பர்தான். விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டு, பிறகு மரம், பிறகு காண்டாக் கட்டையில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. சைக்கிள் வைத்திருந்தவர் வசதியானவர்.

ரப்பரை அழித்துச் செம்பனை வந்ததும் வேலையின் போக்கே மாறியது. வெட்டுகிறவர் அரிவாள் பூட்டிய நீளக் கம்பியைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாகப் போக வேண்டும். ஒரு மரத்தில் பழம் இருக்கும், அடுத்த நாலு மரத்தில் இருக்காது. குடியிருக்கும் லயமோ எங்கேயோ இருக்கிறது, வெட்டுக்காடு எங்கேயோ இருக்கிறது. இந்த வேலைக்குக் கப்சாய் இல்லாமல் முடியாது. இன்று வெட்டுகிறவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் ஆட்கள் பெஸ்தாரி ஜெயாவுக்கும் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனால் வண்டி மாறவில்லை. அதே ஹொண்டா இஎக்ஸ்5, அதே மொடெனாஸ் கிரிஸ்.

இந்த வண்டியின் மூதாதை 1958-இல் ஜப்பானில் வந்த ஹொண்டா சூப்பர் கப். சொய்ச்சிரோ ஹொண்டாவும் அவருடைய கூட்டாளி தக்கேயோ புஜிசாவாவும் அதை உருவாக்கியபோது மனதில் வைத்த ஆட்களில் ஒருவன், கடையிலிருந்து நூடல்ஸ் கொண்டுபோகும் பையன். ஒரு கையில் தட்டு, மறு கையால் வண்டியை ஓட்ட வேண்டும். ஆகவே கிளட்ச் பிடிக்கிற கம்பியே வைக்கவில்லை. இஞ்சின் வேகம் ஏறும்போது கிளட்ச் தானாக விரிந்து பிடிக்கும், வேகம் இறங்கினால் தானாக விட்டுவிடும். பினாங்கு வியாபாரி லோ பூன் சியூ ஹொண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 1996-இல் கெடா, குரூனில் செய்யப்பட்ட மொடெனாஸ் கிரிஸ்ஸும் இதே வடிவத்தில்தான் வந்தது. 2017-இல் கப் வகை வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

நூடல்ஸ் தட்டுக்காக யோசித்த ஏற்பாடு இங்கே அரிவாள் கம்பிக்கு உதவியது. ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கை எண்ணெயை மட்டும் பார்த்துக்கொள்ளும். மழை பெய்து வழுக்குகிற மண்ணில், ஆள் நடக்கிற வேகத்தில், முதல் கியரில் வண்டி ஊர வேண்டும்.

ஸ்குருவை ஏற்றித் திருகுவதால் வரும் கெடுதல் இங்கேதான் இருக்கிறது. நின்ற நிலையில் இஞ்சின் வேகமாகச் சுற்றினால், விட வேண்டிய கிளட்ச் விடாது. நியூட்ரலிலிருந்து முதல் கியரை மிதித்ததும் 'தடக்' என்று இடித்து வண்டி முன்னால் பாயும். சிக்னலில் பிரேக்கை மிதித்தபடியே நிற்க வேண்டியிருக்கும், கிளட்ச் கட்டை தேயும். இதே பாய்ச்சல் வரப்பு ஓரத்திலோ கால்வாய்ப் பலகைமேலோ வந்தால் ஆள் விழுவார். சாகிற வண்டியை விடத் தானாகப் பாய்கிற வண்டி ஆபத்தானது.

நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

கார்ப்பரேட்டர் வைத்த பழைய இஎக்ஸ்5 97 சிசி இஞ்சின். சரியாக நிற்கும்போது நிமிடத்துக்கு 1,400 சுற்று, நூறு முன்னே பின்னே. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பிளக் பொறி எண்ணெயை எரிக்கும். கணக்குப் பார்த்தால் நொடிக்கு ஏறக்குறைய 12 தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சூண்டு எண்ணெயும் காற்றும் எரிந்து, அடுத்த தடவை வரும்வரை இஞ்சினைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். இதில் இரண்டு மூன்று தவறினாலும் இஞ்சின் அமர்ந்துவிடும். வேகமாக ஓடும்போது சுழலும் சக்கரத்தின் விசை நிறைய இருப்பதால், ஒன்றிரண்டு தவறினாலும் நமக்குத் தெரியாது. 'முறுக்குனா நல்லா ஓடுது' என்பதன் அர்த்தம் இவ்வளவுதான். கோளாறு எப்போதும் இருக்கிறது, மெதுவாகச் சுற்றும்போது மட்டும் வெளியே தெரிகிறது.

கார்ப்பரேட்டருக்குள் எண்ணெய் வர இரண்டு வழி உண்டு. முறுக்கி ஓட்டும்போது நடுவில் உள்ள பெரிய ஜெட் வேலை செய்யும். கையை விட்டதும் காற்று போகிற வாசல் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும், அப்போது ஸ்லோ ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டின் வழியாகத்தான் எண்ணெய் வரும். அதன் துளை அரை மில்லிமீட்டரை விடக் குறுகலானது. லயத்து வீட்டில் மண்ணெண்ணெய்ப் பம்பு அடுப்பில் சமைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பானை கொதிக்கிற நேரத்தில் அடுப்பு புகைந்து மஞ்சளாக எரிந்தால், அம்மா தகர முனையில் மெல்லிய ஊசி பொருத்திய பின்னை எடுத்து வாய்த்துளையைக் குத்துவாள், நீல ஜுவாலை திரும்பும். கப்சாயின் ஸ்லோ ஜெட்டும் அதே மாதிரி அடைத்துக்கொள்கிற துளைதான். ஒரு வித்தியாசம், இங்கே ஊசியால் குத்தக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

வண்டியைப் பிரிக்கும் முன் சில கேள்விகள், சில சோதனைகள். இவற்றுக்குக் காசு செலவில்லை.

முதலில் சோக். வண்டி சாகும் நேரத்தில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். சோக் இழுத்தால் நன்றாக நிற்கிறது, விட்டால் சாகிறது என்றால் இஞ்சினுக்கு எண்ணெய் குறைவாகவோ காற்று அதிகமாகவோ போகிறது. ஸ்லோ ஜெட் அடைப்பு அல்லது எங்கோ காற்றுக் கசிவு. மாறாக, சோக் இழுத்ததும் இன்னும் மோசமானால் எண்ணெய் ஏற்கனவே அதிகம் என்று பொருள். ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல் இருக்கலாம், அல்லது சோக்கே பாதியில் மாட்டிக்கொண்டிருக்கலாம். இந்த ஒரு சோதனை எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டிவிடும்.

அடுத்து ஹேண்டில். இஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இடப்பக்கம் கடைசிவரைக்கும், வலப்பக்கம் கடைசிவரைக்கும் திருப்புங்கள். சத்தம் ஏறி இறங்கினால் எண்ணெய்க் கேபிள் இறுக்கமாக இருக்கிறது, அல்லது எங்கோ மடங்கி மாட்டியிருக்கிறது. கார்ப்பரேட்டரில் குற்றமில்லை. கைப்பிடியில் சற்றே ஆட்டம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய்த் தொட்டி மூடி. வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பிறகு வேகமும் போய் ஸ்லோவும் போய் நின்றால், மூடியைத் திறந்து பாருங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டால், மூடியில் உள்ள மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாமல் எண்ணெய் கீழே இறங்காது.

நான்காவது, காற்று ஃபில்டர். பெஸ்தாரி ஜெயாப் பக்கம் செம்மண் பாதையில் பழ லோரிக்குப் பின்னால் போகிற வண்டியின் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் ஒரு பிடி மண் கொட்டும். தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி. காகித ஃபில்டரைக் கழுவாதீர்கள், மாற்றுங்கள். ஸ்பான்ஜ் ஃபில்டர் என்றால் சோப்பில் கழுவி, நிழலில் காயவைத்து, லேசாக இஞ்சின் ஆயில் பூசிப் பிழிந்து மாட்டலாம்.

ஐந்தாவது பிளக். கழற்றி முனையின் நிறத்தைப் பாருங்கள். செங்கல் நிறப் பழுப்பு நல்லது. கரி பிடித்துக் கருப்பாக இருந்தால் எண்ணெய் அதிகம், வெளுத்திருந்தால் எண்ணெய் குறைவு. முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரை இருக்க வேண்டும். பிளக்கின் விலை ஒரு சாப்பாட்டு விலைதான். சந்தேகம் என்றால் மாற்றிவிடுங்கள்.

ஜாம் போத்தலில் தெரிந்த தண்ணீர்

போன மழைக்காலத்தில் ஈஜோக் பக்கத்திலிருந்து ஒரு அக்கா தம் இஎக்ஸ்5-ஐத் தள்ளிக்கொண்டு வந்தார். பாலர் பள்ளியில் உதவியாளர் வேலை. வெயில் நாளில் வண்டிக்கு ஒன்றும் இல்லை, மழை பெய்த மறுநாள் மட்டும் ஸ்லோ நிற்பதில்லை. வேறு ஒரு பட்டறையில் கார்ப்பரேட்டரை இரண்டு தடவை கழுவிக் கொடுத்திருந்தார்கள். கழுவியதும் சரியாகும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

கார்ப்பரேட்டரைக் கழற்றாமல், அடியில் உள்ள வடிகால் ஸ்குருவை மட்டும் தளர்த்தி, வடிந்ததை ஒரு காலி ஜாம் போத்தலில் பிடித்தேன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். மேலே மஞ்சள் எண்ணெய். அடியில், கண்ணாடியோடு ஒட்டி, நிறமில்லாத நாலைந்து உருண்டைகள். போத்தலைச் சாய்த்தால் எண்ணெயோடு கலக்காமல் தனியாக உருண்டு ஓடின. அவற்றோடு நாலு துரும்பு துரு.

"இது என்ன தம்பி?"

"தண்ணிக்கா. எண்ணெயைவிடக் கனம், அதான் அடியில நிக்குது. ஸ்லோ ஜெட்டும் அடியிலதான் வாய வச்சிருக்கு. எண்ணெய்க்குப் பதிலா இதைக் குடிச்சா எப்படி நிக்கும்?"

தண்ணீர் எப்படி வந்தது? இஎக்ஸ்5-இல் எண்ணெய்த் தொட்டியும் மூடியும் சீட்டுக்கு அடியில். அக்காவின் சீட் உறை கிழிந்திருந்தது. உள்ளே இருந்த பஞ்சு இரவு மழையை முழுக்கக் குடித்து வைத்துக்கொள்ளும். காலையில் அவர் உட்கார்ந்ததும் அந்தத் தண்ணீர் பிழிந்து நேரே மூடிமேல் சொட்டும். மூடியின் ரப்பரோ வெடித்திருந்தது. கார்ப்பரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் பயனில்லை. தொட்டியை வடித்து, மூடி ரப்பரையும் சீட் உறையையும் மாற்றினோம். ஸ்குருவைத் தொடவே இல்லை.

நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். வடிகால் ஸ்குருவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் தொட்டியைப் பாருங்கள். துரு இருந்தாலும் தொட்டியைப் பாருங்கள். எண்ணெய் பழுப்பேறி வார்னிஷ் வாடை அடித்தால், வண்டி மாதக் கணக்கில் சும்மா நின்றிருக்கிறது. மகன் ஷா ஆலமுக்கு வேலைக்குப் போன பிறகு ஹாலில் நிற்கிற அப்பாவின் வண்டிக்கு இதுதான் வரும். எண்ணெயின் லேசான பகுதி ஆவியாகப் போய், மிச்சம் பிசினாகி ஸ்லோ ஜெட்டை அடைக்கும். இருப்பதிலேயே சின்னத் துளை என்பதால் அதுதான் முதலில் அடையும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். திருட்டுப் பயத்தால் வண்டியை ஹாலில் நிறுத்துகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். சாமி விளக்கு, கொசுவத்தி, அடுப்பு எல்லாம் அதே வீட்டில்தான் இருக்கிறது. இஞ்சினை ஹாலுக்குள் ஓடவிட்டுச் சோதிப்பதும் வேண்டாம், அந்தப் புகையில் உள்ள விஷவாயுவுக்கு வாடை கிடையாது. வண்டியை வெளியே, காற்றோட்டமாக, மரநிழலில் நிறுத்துங்கள்.

ஜெட்டைக் கழுவும் முறை

தண்ணீர் இல்லை, சோக் இழுத்தால் மட்டும் நிற்கிறது என்றால், கார்ப்பரேட்டரைக் கழற்ற வேண்டியதுதான். எண்ணெய்க் குழாயை மூடி, அடிக்கிண்ணத்தைத் திறந்தால் இரண்டு பித்தளை ஜெட் தெரியும், ஒல்லியானது ஸ்லோ. ஜெட்டின் வெட்டுக்குப் பொருந்தாத ஸ்குருடிரைவரால் திருகினால் பித்தளை நசுங்கிவிடும், சரியான அளவை எடுங்கள்.

கழற்றிய ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை வடிவமாகத் தெரிந்தால் பாதி அடைப்பு, ஒன்றுமே தெரியாவிட்டால் முழு அடைப்பு. கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து ஊறவைத்து, பிறகு காற்றடியுங்கள். இரும்புக் கம்பியும் ஊசியும் வேண்டாம். பித்தளை மிருதுவான உலோகம், ஊசி உள்ளே கோடு கிழித்துத் துளையைப் பெரிதாக்கிவிடும், பிறகு எண்ணெய் அளவு என்றைக்கும் சரிவராது. குத்தியே ஆக வேண்டும் என்றால், மின்வயரைப் பிரித்து அதில் ஒரு செம்பு இழையை எடுத்துப் பக்குவமாக நுழைத்து எடுங்கள்.

ஜெட்டைக் கழுவிவிட்டு, அது உட்காருகிற வழியை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. வாசலின் உதட்டருகே ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். ஸ்லோ எண்ணெய் வெளியே வருவது அந்த வழியாக. அதற்குள்ளும் கிளீனர் அடித்துக் காற்றடிக்க வேண்டும். அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளை வழியாக நேரே கண்ணுக்கு வரும். ரப்பர் சாமான்களைக் கிளீனரில் ஊறவிடாதீர்கள், உப்பிப் போகும்.

கழுவியும் நிற்கவில்லையா?

அப்படியென்றால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். கார்ப்பரேட்டருக்கும் இஞ்சின் தலைக்கும் இடையில் சூடு தாங்கும் ஒரு தட்டும், ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் இருக்கும். போன தடவை கழற்றியவர் பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருப்பார், அல்லது போட மறந்திருப்பார். அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். அடையாளம்: சத்தம் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கும், முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் வேகம் இறங்க நேரமாகும். சோதிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். இஞ்சின் ஓடும்போது அந்த மூட்டில் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒரு நொடி சத்தம் மாறி நிதானமானால், தண்ணீர் அடைத்த இடுக்குத்தான் குற்றவாளி. சிலர் இந்த இடத்தில் எரிகிற ஸ்பிரே அடிப்பார்கள். சூடான இஞ்சின் பக்கத்தில் அது வேண்டாத வேலை.

அடுத்தது வால்வு. "காலைல நல்லா நிக்குது, சூடானா செத்துப் போவுது" என்று சொன்னால் என் சந்தேகம் உடனே அங்கேதான் போகும். பழைய இஎக்ஸ்5-இல் வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் இடையே, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 0.05 மி.மீ. இடைவெளி வேண்டும். சாதாரணக் காகிதத்தின் கனம்கூட அதைவிட அதிகம். ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து மேலே ஏறும், இடைவெளி குறையும். சூடானதும் உலோகம் நீளும், இடைவெளி அறவே போய்விடும், வால்வு முழுதாக மூடாது. எரிய வேண்டிய கலவை அந்த வழியாகக் கசிந்து ஓடும். வேகமாகச் சுற்றும்போது கசிய நேரம் போதாது, மெதுவாகச் சுற்றும்போது தாராளமாகக் கசியும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வால்வு 'டிக் டிக்' என்றால் இடைவெளி அதிகம், பெரிய ஆபத்தில்லை. சத்தமே இல்லாமல் இஞ்சின் ரொம்ப அமைதியாகிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இதைச் சரிசெய்ய ஃபீலர் கேஜ் வேண்டும், பிஸ்டனைச் சரியான புள்ளியில் நிறுத்தத் தெரிய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் பட்டறைப் போர்மேனிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்போது ஸ்குரு

ஃபில்டர், பிளக், எண்ணெய், ஜெட், கசிவு, வால்வு எல்லாம் சரி. இனி ஸ்குருவைத் தொடலாம்.

கார்ப்பரேட்டரில் இரண்டு ஸ்குரு உண்டு. ஸ்பிரிங் போட்ட பெரியது வாசலை எவ்வளவு திறந்து வைப்பது என்பதைக் கட்டுப்படுத்தும், சத்தம் ஏறுவதும் இறங்குவதும் இதனால். சின்னது கலவையைச் சரிசெய்வது. அது காற்று ஃபில்டர் பக்கம் இருந்தால், உள்ளே திருகக் காற்று குறையும், எண்ணெய் கூடும். இஞ்சின் பக்கம் இருந்தால் நேர்மாறு, உள்ளே திருக எண்ணெய் குறையும். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் திருகுகிறவர்தான் முதலில் சொன்ன தேய்ந்த தலையை உண்டாக்குகிறார்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். பெரிய ஸ்குருவைச் சற்று ஏற்றி வையுங்கள். சின்ன ஸ்குருவை மெதுவாக உள்ளே திருகி, முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் முனை உடையும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இஞ்சினைக் கிளப்பி, கால் சுற்று அங்கே, கால் சுற்று இங்கே என்று நகர்த்துங்கள். ஒரு இடத்தில் சத்தம் அதிகபட்சமாகவும் சீராகவும் இருக்கும், அங்கே விட்டுவிடுங்கள். பிறகு பெரிய ஸ்குருவை இறக்கி 1,400-க்குக் கொண்டுவாருங்கள்.

இஎக்ஸ்5-இல் ஆர்பிஎம் மீட்டர் இல்லையே என்பீர்கள். பிளக் வயரில் சுற்றிவைக்கும் சின்ன மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் கிளட்ச்சையே கேளுங்கள். சமதரையில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, முதல் கியரைப் போடுங்கள். வண்டி முன்னால் ஊரக் கூடாது, பலமாக இடிக்கவும் கூடாது. நன்றாக முறுக்கிச் சட்டென்று விடுங்கள். சாகாமல் தன் நிலைக்கு வந்து நிற்க வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் வேலை முடிந்தது. ஸ்குரு நிற்கும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு சின்னக் கோடு போட்டுவையுங்கள், அடுத்து யார் தொட்டாலும் தெரிந்துவிடும்.

எஃப்ஐ வண்டிக்காரர்களுக்கு

புதிய இஎக்ஸ்5-இல் கார்ப்பரேட்டர் கிடையாது. எண்ணெயை ஊசி பீய்ச்சும், எவ்வளவு என்பதைக் கணினி முடிவுசெய்யும். திருகுவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம், வேறு விதத்தில் அழுக்குப் படியும். வாசல் தட்டில் கரி படிந்தாலும், ஸ்லோவுக்கான காற்று வழி அடைத்தாலும் அதே சாவுதான். மீட்டரில் எஃப்ஐ விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எண்ணுங்கள். ஹொண்டாவின் பல மாடல்களில் நீள மின்னல் பத்து, குட்டை மின்னல் ஒன்று. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் 12, அதாவது ஊசியின் சுற்றில் கோளாறு. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் பட்டறையில் தேடுகிற நேரமும் கூலியும் குறையும். மற்றபடி ஃபில்டர், பிளக், தண்ணீர், வால்வு நாலும் கணினி வண்டிக்கும் பொருந்தும்.

பட்டறைக்குப் போவதாக இருந்தால், "ஸ்லோ கொஞ்சம் ஏத்திக் குடுங்கண்ணே" என்று கேட்காதீர்கள். கேட்டால் நாங்கள் ஏற்றித்தான் கொடுப்போம், அரை நிமிட வேலை, கூலிகூட வாங்க மாட்டோம், நீங்களும் இரண்டு வாரத்தில் திரும்ப வருவீர்கள். குளிரில் சாகிறதா, சூடானால் சாகிறதா, மழைக்குப் பிறகு சாகிறதா, சோக் இழுத்தால் நிற்கிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டு வந்து சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டும் ஒரு போர்மேன் நேரே ஸ்குருடிரைவரைக் கையில் எடுத்தால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுங்கள்.